பெருநாள் மூன்றாம் நாள் நோன்பு

கல்முனைக்குடி,
14.06.2025, சனிக்கிழமை.

அன்பின் மகள் சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹ். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் இங்கு சுகம். நீயும் அங்கு சுகமாக இருப்பாய் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது உம்மாவுக்கு என்ன கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால், "நல்லா இரிக்கன் உம்மா, லெக்சர் இரிக்கி, வெக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. அதோடு வாப்பா எந்த நேரமும் பக்கத்தில் இருக்கிறார். அதனால்தான் உங்கள் அறைக்குத் திரும்பிப் போகும் அன்ரனீற்றாவிடம் கொடுத்துவிடும் சாமான் பெட்டிக்குள் இதையும் வைக்கிறேன். அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு வாசி.

வாப்பாவின் கால் பரவாயில்லை. வயலில் நெல் வெட்டும் மெஷினில் இருந்து விழுந்த அன்று இருந்த கோலத்துக்கு இது எவ்வளவோ மேல். கம்பு ஊன்றி ஜும்ஆவுக்குப் போய் வருகிறார். வயலில் இறங்க டொக்டர் இன்னும் விடவில்லை. இந்தப் போகம் இஹ்ஸான் மாமாதான் பார்க்கிறார். என் தம்பியைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் வரப்பில் ஒரு தரம் நடந்தால் ஊருக்குப் பத்துத் தரம் சொல்கிறார்.

வாப்பா விழுந்த மாதம்தான் நீ எனக்கு ஒன்றும் அனுப்பவேண்டாம், கம்பஸில் தரும் உதவியே போதும் என்றாய். நான் நம்பினேன். நம்புவது எனக்குச் சுகமாகவும் இருந்தது, மகள், அதை மறைத்து என்ன செய்ய. அதே மாதம்தான் திங்களும் வியாழனும் விருப்பத்தில் பிடிக்கிற சுன்னத்தான நோன்பு பிடிக்கத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னாய்.

அதைக் கேட்டு நான் போட்ட ஆட்டத்தை நீ பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு நுஸ்ரத் மாமியிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை பெண்களுக்கு மார்க்கம் சொல்லும் பயானில் நான்கு பேர் கேட்கும்படி சொன்னேன். மீன்காரனிடம்கூட, கம்பஸுக்குப் போன பிள்ளைகள் எல்லாம் கெட்டுப்போவதில்லை, என் மகளைப் பார் என்றேன். அவன் பாவம், சூடை மீன் விற்க வந்தவன். அதுவும் போதாமல் வாப்பாவின் கால் ஒப்பரேசனுக்கு முதல்நாள் உனக்குப் போன் எடுத்து, இன்னும் மூன்று நோன்பு நேர்ச்சை வைத்துப் பிடி என்றேன். "ஓம் உம்மா" என்றாய். அந்த "ஓம்" இப்போது என் காதைவிட்டுப் போகவில்லை.

இனிப் பெருநாள் கதைக்கு வருகிறேன். கம்பஸில் சோதனை என்று நீ வரவில்லை. சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள், திங்கட்கிழமை இஹ்ஸான் மாமா கூட்டுச் சேர்ந்து மாடு அறுத்துக் கொடுத்த உழ்ஹிய்யா இறைச்சி வந்தது. நானும் நுஸ்ரத் மாமியும் குசினியில் குந்திக்கொண்டு ஏழை வீடுகளுக்குப் பங்கு கட்டிக்கொண்டிருந்தோம். கை எல்லாம் இறைச்சி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு உனக்கு எடுத்தேன். பகலுக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "இண்டைக்குத் திங்கக்கிழமதானே உம்மா, நோன்பு" என்றாய். மாஷா அல்லாஹ் என்று சொல்லி வைத்தேன்.

நுஸ்ரத் மாமி கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. "என்ன நோன்புகா மச்சி? பெருநாள் முடிஞ்சி மூணு நாளைக்கி நோன்பு பிடிக்கிற ஹறாமெல்லுவா, மார்க்கம் விலக்கினதெல்லுவா?" என்றா.

முதலில் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. இது தெரியாத பிள்ளையையா ஊரெல்லாம் புகழ்ந்தோம் என்று, உனக்கு ஏசுவதற்காகப் போனைத் திரும்பவும் கையில் எடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. மத்ரஸாவில் முதலாம் பிள்ளையாக வந்தவள் நீ. இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லித்தந்ததே நீதான். உனக்குத் தெரியாமல் இருக்காது. நோன்பு பிடிக்கிறவள் பிறையைப் பார்ப்பாள். நீ கிழமையை மட்டும்தான் பார்த்திருக்கிறாய். பட்டினி கிடக்கிறவளுக்குச் சொல்வதற்கு ஒரு கிழமையின் பெயர் போதும்.

அந்தப் பங்குகளை நான் எப்படிக் கட்டி முடித்தேன் என்று தெரியாது. ஊரில் ஏழை வீடுகளுக்கு இறைச்சி போய்க்கொண்டிருக்கிறது, என் பிள்ளை அங்கே ஒன்றும் தின்னாமல் இருக்கிறாள். அடுத்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தோனியார் திருநாளுக்கு அன்ரனீற்றா வீட்டுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வியாழக்கிழமை அவளிடம் போனேன். உன்னோடு ஒரே அறையில் இருக்கிற பிள்ளை, அவளுக்குத் தெரியாமல் இருக்காதே. அவள்மேல் கோபப்படாதே. நீ சத்தியம் வாங்கியிருக்கிறாய் போல. "சிபானா நல்லாப் படிக்கிறா அன்ரி" என்பதையே மூன்று தரம் சொன்னாள். பாதி எனக்குத் தெரியும், மீதியை நீ சொல்லாவிட்டால் நாளைக்கே பஸ் ஏறுவேன் என்றேன். பிறகு அழுதுகொண்டு சொன்னாள்.

இரண்டாம் வருசத்தில் உனக்கு ஹொஸ்டல் கிடைக்கவில்லை என்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறீர்கள். உனக்கு வருகிறதெல்லாம் அறை வாடகைக்கே போய்விடுகிறது. மற்றப் பிள்ளைகள் கன்டீனுக்குப் போகிற நேரம் நீ லைப்ரரிக்குப் போகிறாய். பின்னேரம் பிளேன்டீயும் பிஸ்கட்டும். போன மாதம் வகுப்பில் மயங்கி விழுந்து, நோன்பு என்று சொல்லி எல்லாரையும் அனுப்பியிருக்கிறாய். எனக்கு மட்டுமல்ல, அங்கேயும் இதைத்தான் சொல்லியிருக்கிறாய்.

இன்னொன்றும் சொன்னாள். அங்கே சில லெக்சரர்மாரும் பிள்ளைகளும் சேர்ந்து பகலில் சோற்றுப் பார்சல் வைக்கிறார்களாம். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, எடுத்துக்கொண்டு போகலாமாம். அறையில்லாத பிள்ளைகளுக்கு இடம் பார்த்துக் கொடுப்பதும் அவர்கள்தானாம். அன்ரனீற்றா அங்கேதான் சாப்பிடுகிறாள். உன்னையும் கூப்பிட்டாளாம். அது வசதியில்லாத பிள்ளைகளுக்கு, நாங்கள் கொடுக்கிற குடும்பம் என்றாயாம்.

மகள், அது உன் கதை இல்லை, என் கதை. எங்கட வீட்டுக் கை கொடுக்கிற கை, வாங்குகிற கை இல்லை என்று உன்னை மடியில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். பெருமைக்குச் சொன்னது. அதைத் தின்று பசியாற முடியாது என்று அப்போது நான் நினைக்கவில்லை.

நான் செய்த ஒன்றை நீ வேறு யாரும் சொல்லிக் கேட்பதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன். நேற்றுப் பயானில் எழும்பி நின்று, என் மகள் நோன்பு என்று உங்களிடம் சொன்னது பொய், அவள் பட்டினி கிடந்திருக்கிறாள் என்றேன். சிலர் முந்தானையைச் சரி செய்தார்கள். உனக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும். சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

பின்னேரம் எனக்கு அக்கா மாதிரியான றுஸ்னா தாத்தா எங்கட பின்வாசலால் வந்தா. கொழும்பில் படிக்கிற மிஹ்லாரின் உம்மா. தண்ணீரும் குடிக்கவில்லை, உட்காரவும் இல்லை. "ஹாஜறா, எண்ட மகனும் திங்களும் வியாழனும் பிடிக்கிறன் எண்டுதான் சொல்ற" என்றா. அங்கேயே மகனுக்குக் கோல் எடுத்தா, அவன் போனை எடுக்கும் வரைக்கும் இரண்டு பேரும் குசினியில் நின்றோம். எடுத்தான். நல்லா இரிக்கன் உம்மா என்றான். அவ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா.

பெட்டிக்குள் உப்புப் போட்டுக் காயவைத்த இறைச்சி, மாசிச் சம்பல், வறுத்த அரிசி மா இருக்கிறது. முதலில் சம்பலைத் தின்று முடி. அன்ரனீற்றாவுக்கும் கொடு, ஆனால் உன் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். இது எத்தனை நாளைக்குக் காணும்? அதனால் பகலில் அந்தச் சோற்றுப் பார்சலை எடு. வரிசையில் நில். அங்கே யாராவது ஊர்க்காரப் பிள்ளை பார்த்துவிட்டால், உம்மாதான் போகச் சொன்னா என்று சொல்லு. அறைக்கும் அவர்களிடம் போய்க் கேள்.

நீ ஏன் மறைத்தாய் என்பதும் எனக்குத் தெரியும். கஷ்டம் என்றால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடு என்று வாப்பா போன வருசம் சொன்னது உன் மனதில் கிடக்கிறது. மாமாவும் சும்மா இல்லை, பொத்துவிலில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறதாம். அந்தப் பேச்சை நான் அப்போதே வெட்டிவிட்டேன். வாப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பள்ளிவாசலில் இன்னும் உன் நோன்பைப் புகழ்ந்துகொண்டுதான் இருக்கிறார். பொய் சொல்வதில் நீ மட்டும் கெட்டிக்காரி இல்லை. ஊர்க் கதை அவர் காதுக்குப் போவதற்கு முதல் நானே சொல்வேன். என்ன நடந்தாலும் உன்னைத் திரும்பி வா என்று கூப்பிட நான் விடமாட்டேன். இது உம்மாவின் வாக்கு.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, மகள். நீ நல்லா இருக்கிறேன் என்று சொன்னால் அதை எப்படி நம்புவது என்று இனி எனக்குத் தெரியாது.

புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு போன் எடுப்பேன். என்ன சாப்பிட்டாய் என்றுதான் முதலில் கேட்பேன். சாப்பிட்டிருந்தால் என்ன கறி என்று சொல்லு. இல்லாவிட்டால் "பசிக்கிது உம்மா" என்று சொல்லு. சின்ன வயதில் நான் சோறு வடிக்கும்போதெல்லாம் பின்னால் நின்று அதைச் சொல்லுவாய், பொறுடி என்று ஏசுவேன். இனி ஏசமாட்டேன். ஒரு தரம் சொல்லு.

உன் வயிற்றையும் உன் படிப்பையும் அல்லாஹ் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வானாக, ஆமீன்.

உன் உம்மா,
ஹாஜறா