தாங்களும் தங்கள் காரும் நலமா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் தங்கையும் பாப்பாவும் நலம். அங்கே தாங்களும் தங்கள் காரும் நலமா? உடைந்த கண்ணாடிக்குப் பதில் புதுக் கண்ணாடி போட்டாயிற்று என்று தங்கைக்குப் படம் அனுப்பியிருந்தீர்கள். நானும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மிக்க சந்தோஷம்.

போனில் பேசுவதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை நீங்கள் முடித்து வைக்கிறீர்கள். "மச்சான், நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க" என்று நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டேன். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான்.

நீங்கள் சொன்ன கதை இது. சலவைக்கடையில் சட்டை வாங்க இறங்கினீர்கள். பின் சீட்டில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசு வரவில்லை. இன்ஜின் ஓடியது, ஏசி ஓடியது, கதவை இன்னொரு சாவியால் பூட்டியிருந்தீர்கள். ரெண்டே நிமிஷம். அதற்குள் யாரோ ஒரு பொம்பளை கண்ணாடியை உடைத்து ரகளை செய்துவிட்டாள்.

விபத்துச் செய்தி எழுதியே தலை நரைத்தவன் நான். 'ரெண்டே நிமிஷம்' என்பதை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறேன். அவர்களில் பலர் அதைச் சொன்ன இடம் ஆஸ்பத்திரி வராந்தா. அதனால் போன வாரம் உங்கள் ஊருக்கு வந்தபோது உங்கள் வீட்டுக்கு வராமல் அந்தக் கடைத்தெருவுக்குப் போனேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சலவைக்கடைக்காரர் உங்களைப் பற்றி உயர்வாகவே பேசினார். சார் வந்தார், சட்டையை வாங்கினார், கிளம்பிவிட்டார் என்றார். உண்மைதான். ஆனால் கிளம்பியது காருக்கு அல்ல, பக்கத்து மொபைல் கடைக்கு. போன் மேல் புதுக் கண்ணாடி ஒட்ட வேண்டியிருந்ததாம். அதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. மறந்திருப்பீர்கள். அந்தக் கடைக்காரர் மறக்கவில்லை. "உள்ள ஒரு குமிழி இருக்கு, பிரிச்சுட்டு மறுபடி ஒட்டுன்னாரு சார். ஒட்டுனேன். மறுபடியும் ஒண்ணு இருக்குன்னாரு. கண்ணு ரொம்ப கூர்மை சார் அவருக்கு" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

காரில் பெட்ரோல் இல்லை என்று காலையிலிருந்தே சிவப்பு விளக்கு எரிந்தது என்றும், திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னீர்கள் என்றும் தங்கை சொல்கிறாள். நீங்கள் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்ஜின் நின்றது. அதோடு ஏசியும் நின்றது. வெயில் நிற்கவில்லை.

உங்கள் காருக்குப் பின்னால் ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர்தான் நீங்கள் சொல்லும் அந்த 'பொம்பளை'. காருக்குள் பிள்ளை அழுவதைப் பார்த்தவர் கதவை இழுத்திருக்கிறார், ஹார்ன் அடித்திருக்கிறார், யாருடைய வண்டி என்று கடை கடையாகக் கத்தியிருக்கிறார். மொபைல் கடைக்காரர் உங்களிடம் சொல்லவும் செய்தாராம், வெளியில் ஏதோ கார் என்று கத்துகிறார்கள் என்று. அதற்கு உங்கள் பதில்: "நம்ம வண்டியா இருக்காதுப்பா. அதுல ஏசி ஓடுது." தலையைத் தூக்கிப் பார்க்கவில்லையாம். பார்த்திருந்தால் கடை வாசலிலிருந்தே தெரிந்திருக்கும். நான் அங்கே நின்று பார்த்தேன், தெரிகிறது.

பிள்ளை அழுகையை நிறுத்தியதும்தான் அந்த அம்மாவுக்குப் பயம் வந்திருக்கிறது. ஸ்பேனரை எடுத்து, பாப்பாவிடமிருந்து தள்ளியிருந்த முன் பக்கத்துக் கண்ணாடியாகப் பார்த்து உடைத்து, கையை விட்டுக் கதவைத் திறந்து, சீட் பெல்ட்டை அவிழ்த்துத் தூக்கியிருக்கிறார். சலவைக்கடைத் தண்ணீரை முகத்தில் தெளித்ததும் பாப்பா மறுபடி அழுதாளாம். அந்த அழுகையைக் கேட்டுத் தெருவே கை தட்டியது என்றார் சலவைக்கடைக்காரர். அப்போதுதான் நீங்கள் வெளியே வந்தீர்கள். வந்ததும் சொன்னது, "யாரு என் கண்ணாடிய ஒடச்சது?"

அந்த அம்மா உங்கள் கையிலிருந்த போனைப் பார்த்து, "அந்தக் கண்ணாடி பத்திரமா இருக்குல்ல, போதும், வீட்டுக்குப் போங்க" என்றாராம். இதைத்தான் தரக்குறைவாகப் பேசினாள் என்று போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தீர்களா? ஸ்டேஷனுக்கும் போனேன். உங்கள் புகாரில் கார் வருகிறது, கண்ணாடி வருகிறது, உங்கள் மன உளைச்சல் வருகிறது. குழந்தையைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். "குழந்தையா? எந்தக் குழந்தை?" என்று கேட்டார் அந்த ஏட்டு. மாப்பிள்ளை, முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அந்த அம்மாவை வீட்டில் போய்ப் பார்த்தேன். கண்ணாடி கிழித்த கையில் இன்னும் கட்டு. வேன் வாசலில் நிற்கிறது. கேஸ் முடிகிறவரை வண்டி எடுக்க வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். உங்களைத் திட்டித் தீர்ப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன், மெதுவாகத்தான் பேசினார். "கடைசிப் புள்ள இறங்குனப்புறமும் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்துட்டுத்தான் சார் வண்டியப் பூட்டுவேன். தூங்கிக் கீழ விழுந்து கெடக்கும் சிலது. அப்படிப் பாத்துப் பாத்து, யாரு வண்டின்னாலும் எட்டிப் பாக்குற புத்தி வந்துடுச்சு. அதுதான் என் தப்பு" என்றார். நன்றி சொல்லப் போனவன் அவர் கொடுத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வந்தேன். அந்த நன்றியைச் சொல்ல வேண்டிய வாய் வேறு.

தங்கை உங்களுக்காகப் பேச ஆரம்பித்துவிட்டாள். அவர் வேண்டுமென்றா செய்தார் என்கிறாள். அவரைத் தவிர யார் தட்டினாலும் பாப்பா தூங்க மாட்டாள் என்கிறாள். அதுவும் உண்மைதான், இங்கே நாங்கள் மாறி மாறித் தட்டிப் பார்க்கிறோம். நான் என்ன எழுதினாலும் ஒரு நாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவாள். பாப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் வருவாள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாப்பா தேடுகிறாளா என்று தினமும் கேட்கிறீர்களாம். சொல்கிறேன். வெளியே கிளம்பும்போது நாம் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்வேன்: "வரேன்." முன்பெல்லாம் கையை ஆட்டுவாள். இப்போது அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஓடிப்போய்த் தன் செருப்பை எடுத்து வருகிறாள். அழுவதில்லை. செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுக்குக் குறுக்கே நிற்கிறாள். காய்கறிக்காரர் "வரேம்மா" என்றாலும் அப்படித்தான். போகிறவர்கள் எல்லோரும் வருகிறேன் என்றுதான் சொல்கிறார்கள் என்பதை இந்த வயதில் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்.

ஸ்டேஷன் எப்போதும் திறந்துதான் இருக்கும். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து அந்த அம்மா வீட்டுக்குப் போய், உங்கள் பெண்ணைத் தூக்கிய அந்தக் கையைப் பாருங்கள். என்ன பேசுவது என்று என்னைக் கேட்க வேண்டாம். பிறகு இங்கே புறப்படுங்கள். பஸ்ஸில் புறப்படுங்கள். காருக்கு ஓய்வு வேண்டும், பாவம்.

புறப்படும் முன் போன் செய்து அவளிடம் வரேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். செருப்போடு நின்றுகொண்டே இருப்பாள்.

சொல்லாமல் வாருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் மாமா