நீங்கள் சொன்ன ‘வேண்டாம்’

தெஹ்ரான்
ஆபான் மாதம் 6

சோனாவின் அப்பாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. நேற்று டாக்டர் வாசலருகே நின்று உங்களோடு ஃபோனில் பேசினார். "மறு ஆபரேஷன் வேண்டாங்கறீங்களா? வீட்டுக்கே அனுப்பிடவா?" என்றார். தொண்டையில் குழாய் போட்டதில் எனக்குப் பேச்சுதான் போனது. காது கேட்கிறது. எழுதவும் முடிகிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

உணவுக்குழாயில் வந்த புற்றை வெட்டியெடுத்து ஊர் திரும்பியபின் ஒவ்வொரு மிடறுக்கும் புரை ஏறியதே, நினைவிருக்கிறதா? "குடிக்கிற டீ தப்பான வழியில போகுது" என்று தலையில் அடித்துக்கொண்டேன். உள்ளூர் டாக்டர் சளி என்றார். நீங்களும், "ஆத்திரமா குடிக்காத, உனக்கு எப்பவும் அவசரம்" என்றீர்கள். உங்கள் அக்கா சிரித்தார். காய்ச்சலில் மூச்சு திணறிய பிறகுதான் தெரிந்தது, வெட்டிய குழாய்க்குப் பதிலாக நெஞ்சுக்குள் இழுத்துத் தைத்த இரைப்பைக்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை என்று. அரிதாக வருவதாம். அரிது என்றால் பொய்யா?

இப்போது வயிற்றுக் குழாயில்தான் கஞ்சி. வாய் நனைக்காமல் எத்தனை காலம் வீட்டில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தீர்கள்?

ஒகுல்னபாத்

கும்பத்
ஆபான் 10

ஒகுல்னபாத்துக்கு,

சோனா நலம். பருத்தி பாதி வயலிலேயே நிற்கிறது. பஸ் டிரைவர் கொடுத்த உன் கடிதத்தைக் கூலியாட்கள் முன்னால் பிரித்துவிட்டேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உனக்கென்ன, கோபப்பட நான் இருக்கிறேன். நான் யாரிடம் போய்க் கத்துவது? "மேசையிலேயே உயிர் போயிடலாம், யோசிச்சு சொல்லுங்க" என்றார் டாக்டர். எந்தப் புருஷன் சரி என்பான்? உன்னைக் கேட்டால் நீ சரி என்றுவிடுவாய். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை.

அன்னாபெர்தி

தெஹ்ரான்
ஆபான் 14

சோனாவின் அப்பாவுக்கு,

கடைசி வரிக்காக உங்கள் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். மன்னித்ததாக எண்ண வேண்டாம்.

டாக்டரைக் கட்டிலருகே உட்காரவைத்து, உயிர் போகலாம் என்பது உண்மையா என்று எழுதிக் காட்டினேன். "உண்மைதாம்மா. சும்மா விட்டாலும் நுரையீரல் கெட்டுக்கிட்டே வரும்" என்றார். ஓட்டையைத் தைத்து, விலாவிடுக்குத் தசையை நடுவே வைத்து அடைப்பாராம். "உங்க வீட்டுக்காரர் கையெழுத்து..." என்று இழுத்தார். தாளைப் பிடுங்கி நானே போட்டேன். அவர் தடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆபரேஷன். வாருங்கள். அக்கா வேண்டாம். பிழைத்தால் உங்களோடு சண்டை மிச்சமிருக்கிறது. பிழைக்காவிட்டால், அல்லாஹ் எழுதியது என்று சொல்லி சோனாவின் வாயை மூடாதீர்கள். "உன் அம்மா முதலிலேயே சொன்னாள், நான்தான் நம்பவில்லை" என்று சொல்லுங்கள்.

ஒகுல்னபாத்