ஞாயிறுதோறும் அனுப்பிய படம்

அண்ணை,

இன்று காலை கராச்சைத் திறந்து காரின் பொனற்றைத் தூக்கிப் பார்த்தேன். பற்றரியின் முனையில் வெளிர்பச்சையாய்த் தூள் பூத்திருந்தது. கொதிநீர் ஊற்றி, பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவினேன். அந்தப் புளிப்பு மணம் மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் குனிந்து நிற்பது போலிருந்தது. "கையிலை படாமல் பார் பிள்ளை, தோல் உரிஞ்சுபோம்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. இன்றைக்குச் சொல்ல ஆளில்லை. வெறுங்கையால்தான் கழுவினேன்.

புத்தூரின் குறுகிய ஒழுங்கைக்கும் அந்தக் காருக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. இரண்டு பேருக்குத்தான் இடம். வயிறு நிலத்தில் முட்டும். சிவப்பு நிறம் வேறு. நாற்பது வருடம் கனடாவில் உழைத்துக் களைத்த மனிதர், பென்சன் எடுத்த கையோடு கொழும்பில் போய் இப்படியொன்றை வாங்கி வருவார் என்று யார் நினைத்தோம்? "இளந்தாரி வயசிலை உப்பிடியொரு கார் ஓட ஆசைப்பட்டது பிள்ளை, இப்பதான் கைக்கு எட்டியிருக்கு" என்றீர்கள். ஆடியில் வருவீர்கள், இரண்டு மாதம் ஓடுவீர்கள், பிறகு காருக்குப் போர்வை போட்டுவிட்டுப் பறந்துவிடுவீர்கள். மிச்சக் காலம் அதற்குக் காவல் நான்.

போகும்போது பற்றரிக்கென்று ஒரு சின்னச் சார்ஜரைச் சுவரில் கொழுவிவிட்டுப் போனீர்கள். "கார் சும்மா நிண்டாலும் உள்ளுக்கை அலாரமும் மணிக்கூடும் கரண்டைக் குடிச்சுக்கொண்டிருக்கும். உது கொழுவினபடி இருந்தால் பற்றரி சாகாது. பனிக்காலம் முழுக்க நாங்கள் அங்கை இப்பிடித்தான் வைக்கிறனாங்கள்." பனி கண்ட உங்களுக்கு எங்கள் மாரியும் ஒரு பனிக்காலம்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் ஏறுகிறது, பச்சை எரிந்தால் நிறைந்துவிட்டது. எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

ஞாயிறு விடிந்தால் வட்ஸ்அப்பில் உங்கள் கேள்வி வந்து நிற்கும். "சிவப்போ பச்சையோ?" நான் சார்ஜரைப் படம் பிடித்து அனுப்பவேண்டும்.

போன மாரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து என் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. இரண்டு கிழமை, பதினாலு நாளும், நொண்டினேன். உங்களுக்குச் சொன்னேன்தான். "கவனமா இரு" என்று ஒரு வரி. அடுத்த வரியில் சிவப்போ பச்சையோ. என் முழங்கால் சிவப்போ பச்சையோ என்று கேட்க ஒருவருமில்லை என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள், விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை.

ஐப்பசியில் இடிமுழக்கம் கேட்டால் வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவது நம் ஊர் வழக்கம். ரீவி, பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர், ஒன்றையும் விடமாட்டோம். நான் நொண்டிக்கொண்டிருந்த அந்த நாள்களில் ஒருநாள் முழங்க, சார்ஜரையும் கழற்றினேன். மழை விட்டதும் மற்றதெல்லாவற்றையும் திரும்பக் கொழுவினேன். அதை மட்டும் கொழுவவில்லை. மறந்துபோனேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை அண்ணை. கோபம்.

ஞாயிறு வந்தது, கேள்வியும் வந்தது. போனில் கிடந்த பழைய பச்சைப் படம் ஒன்றை எடுத்து அனுப்பினேன். நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். கராச் வரைக்கும் நொண்டத் தேவையில்லை, எவ்வளவு சுகம்! என்னிடம் மூன்று பச்சைப் படங்கள் இருந்தன. மாறி மாறி அனுப்பினேன். நீங்கள் ஆடியில்தானே வருவீர்கள், வைகாசியில் கொழுவிவிட்டால் எல்லாம் சரிவரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நாள்கணக்காய் வற்றிக்கிடந்த பற்றரி பிறகு எழும்பாது என்று நீங்கள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

ஆனால் நீங்கள் தையில் வந்து நின்றீர்கள். பொங்கல் முடிந்த கையோடு, சொல்லாமல் கொள்ளாமல், நாலு நாளுக்கு. போட்டிருந்த சேட் தோளில் நிற்காமல் வழிந்தது. ஏன் இப்படி மெலிந்துபோனீர்கள் என்று கேட்டேன். "டயற் பிள்ளை, சாப்பாட்டைக் குறைச்சிட்டன்" என்றீர்கள். நம்பினேன். பாயில் படுக்குமுன் சொன்னீர்கள்: "நாளைக்குக் காலமை காங்கேசன்துறைக் கடற்கரை மட்டும் காரிலை ஒரு ஓட்டம் போவம். இந்த முறை நீயும் வாறாய், சாட்டுச் சொல்லக்கூடாது." எனக்கு நித்திரை வரவில்லை.

காலையில் காருக்குள் ஏறி, எஞ்சினைக் கிளப்பத் திறப்பைத் திருகினீர்கள். ஒரு சத்தமும் இல்லை. சாவகச்சேரியிலிருந்து மெக்கானிக் வந்து தன் வான் வண்டியின் பற்றரியிலிருந்து வயர் போட்டுப் பார்த்தான். எஞ்சின் பிடித்தது, வயரைக் கழற்றியதும் நின்றது. "ஐயா, இது செத்துப்போச்சு. உந்த அளவிலை பற்றரி இஞ்சை எடுக்கேலாது. கொழும்பிலை இருந்து வர ஒரு கிழமையாவது செல்லும்" என்றான். உங்களுக்கு இருந்ததோ இன்னும் மூன்று நாள்.

அவன் போனபிறகு நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரில் அது கொழுவும் துளைகளில் சிலந்தி வலை. நான் அனுப்பிய படங்களெல்லாம் உங்கள் சட்டைப்பையில் இருந்த போனில். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன்.

"இந்த மாரி முழக்கம் கூடிப்போச்சு, என்ன பிள்ளை?"

"ஓம் அண்ணை" என்றேன்.

பிறகு காருக்குள் ஏறி இருந்தீர்கள். பக்கத்து இருக்கையைத் தட்டி, "சும்மா வந்து இரன்" என்றீர்கள். உதுக்குள் குந்தி எழும்ப என் முழங்கால் விடாது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். முழங்கால் அப்போது சுகமாகிவிட்டிருந்தது. உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்க எனக்கு வெட்கம். குசினி யன்னலால் பார்த்தேன். ஸ்ரியறிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி வெகுநேரம் இருந்தீர்கள்.

நீங்கள் பறந்த அடுத்த கிழமை புதுப் பற்றரி வந்து சேர்ந்தது, மெக்கானிக் பூட்டிவிட்டுப் போனான். பங்குனியில் உங்கள் மகள் அழைத்து, நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள் என்றாள். டொக்ரர்மார் கைவிட்ட பிறகுதான் நீங்கள் இங்கே வந்தீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியாக ஒருதரம் ஓடத்தான் வந்தீர்கள். அதை நான் கெடுத்தேன். இப்போது முழக்கம் ஓய்ந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு, சார்ஜரைத் திரும்பக் கொழுவ முதலில் ஓடுவது கராச்சுக்குத்தான். யாருக்காக என்று என்னைக் கேட்காதீர்கள்.

போன கிழமை உங்கள் மகள் மறுபடியும் எடுத்தாள். கொஞ்சம் சிரித்த குரல்.

"மாமி, அப்பா கடைசியா வந்தநேரம் உங்களையும் ஏத்திக்கொண்டு காங்கேசன்துறை மட்டும் ஓடினவராம். ஆஸ்பத்திரியிலை சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். வேகமாப் போக நீங்கள் 'ஐயோ, என்னை இறக்கிவிடுங்கோ' எண்டு கத்தினீங்களாம். மெய்யே?"

நான் அனுப்பிய பொய்யை ஒருவருக்கும் காட்டாமல், அதன்மேல் உங்கள் பொய்யைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

"ஓம் பிள்ளை, கத்தினனான்" என்றேன்.

"கடல் பாக்க ஒரு இடத்திலை நிண்டு, ரெண்டுபேரும் தேத்தண்ணி குடிச்சனீங்களாம். வாற ஆடி நான் வாறன் மாமி. நான்தான் ஓடுவன், நீங்கள் பக்கத்திலை இருந்து அந்த இடத்தைக் காட்டவேணும்."

அதற்கும் ஓம் என்றுவிட்டேன். ஆடியில் அவள் வருவாள். நான் அந்தக் காரில் ஏறி இருப்பேன். சொல்லுங்கள் அண்ணை, நாங்கள் எந்த இடத்தில் நின்றோம்?