ஆறப்போட்ட நிலம்

நவம்பர் 4
மூன்று வருடம் பயிரிடாமல் விட்ட நிலத்தில் இன்று கயிறு கட்டிச் செடிகளை எண்ணினேன். புல், களை, இரண்டே வகை மரக்கன்று. அடுத்தது ஆறு வருட நிலம். வெட்டிய அடிமரங்கள் துளிர்த்து என் தலைக்கு மேல் நிற்கின்றன. அதற்கும் மேலே பதினைந்து வருட நிலம். உள்ளே வெயிலே இறங்கவில்லை, மர வகைகள் மட்டும் நாற்பதைத் தாண்டின. ஒரே சரிவு, ஒரே மண். காத்திருந்த காலம்தான் வேறு.

அந்தச் சரிவில் காட்டை வெட்டிக் கொளுத்தி விதைத்து, பிறகு பல வருடம் விட்டுவைக்கும் மலைக்கார அக்கா எனக்கு வைத்த பெயர் இலைப் பொண்ணு. “எண்ணி முடிச்சிட்டியா, இல்ல அதுக்குள்ள இன்னும் நாலு முளைச்சிருச்சா?” என்றாள். பதிலுக்குச் சிரித்தேன்.

நவம்பர் 12
செடிக் கணக்கு அறிக்கையை வனத்துறை அலுவலகத்தில் கொடுத்தேன். எங்கள் பிரிவுத் தலைவருக்கு அவர் முதுகுக்குப் பின்னால் ‘காற்புள்ளி’ என்று பெயர். இன்று ஒரு புள்ளியைக்கூடத் திருத்தவில்லை! சந்தையில் மூட்டை தூக்குகிற அத்தனை பேரிடமும் அப்பா சொல்லிவிட்டாராம், எம்பொண்ணு எழுதினது அப்படியே பாஸாயிடுச்சு என்று.

நவம்பர் 19
ஏன் திருத்தவில்லை என்று தெரிந்துவிட்டது. மரத்தோட்டக் கம்பெனிக்குச் சரிவின் மேல்பகுதியைக் குத்தகைக்கு விடப் போகிறார்கள். தரிசு நிலமாக இருந்தால் விடலாம் என்பது விதி. அதற்குச் சான்று என் அட்டவணை. மூன்று வருடத் தரிசு, ஆறு வருடத் தரிசு, பதினைந்து வருடத் தரிசு — தலைப்பு போட்டது நான்தான். பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு அடுத்த விதைப்பு வரை விட்டுவைத்த நிலம் என்று பொருள். இந்த அலுவலகத்தில், யாருக்கும் பயன்படாத நிலம். அக்கா ‘ஆறப்போட்ட நிலம்’ என்றுதானே சொல்வாள்? எத்தனை முறை கேட்டிருக்கிறேன். காது எங்கே போயிற்று?

நவம்பர் 20
சொல்லை மாற்றித் தரட்டுமா என்று காற்புள்ளி சாரிடம் கேட்டேன். கதவருகே நின்றபடிதான்.

“தரிசுன்னு எழுதினது யாரு, நானா?”

“தப்பா எழுதிட்டேன் சார். அது ஆறப்போட்ட நிலம்.”

“இது ஆறப்போடற விஷயம் இல்லம்மா.” பிறகு மெதுவாக, “உன்னை நிரந்தரமாக்கற கோப்பும் என் மேஜையிலதான் இருக்கு.” மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

நவம்பர் 22
அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 24
சரிவுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க கிளம்புங்க மேடம்” என்றாள்.

நீங்க. மேடம்.

நவம்பர் 25
சொல்லிவிட்டேன். நாளை குத்தகைக் கூட்டத்தில் தப்பை ஒத்துக்கொண்டால் வேலை போயிடுமா என்று அப்பா கேட்டார். போகலாம் என்றேன். தட்டிலிருந்த சோற்றை வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார்.

“நீ எழுதினதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனேம்மா. அப்ப அதைச் சரியா எழுதிட்டு வா.”

நவம்பர் 26
கூட்டம். என் முதல் வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. தலைமை நாற்காலியில் இருந்த மேலதிகாரி சத்தமாகச் சொல்லச் சொன்னார். எழுந்து நின்றேன்.

“இது தரிசு இல்ல சார். சொல் என்னுடைய தப்பு. ஆறு வருஷ நிலத்தையும் பதினஞ்சு வருஷ நிலத்தையும் எடுத்துட்டா, அங்க விதைக்கிறவங்க மிச்சத்துலயேதான் திரும்பத் திரும்ப விதைக்கணும். மூணாவது வருஷமே திரும்ப வெட்டுவாங்க. அடிமரம் துளிர்க்க நேரமே இருக்காது. அப்புறம் மொத்தச் சரிவும் புல்லும் களையும்தான். அதைப் பார்த்துட்டு, இவங்கதான் காட்டை அழிச்சாங்கன்னு நாமளே எழுதுவோம்.”

மேலதிகாரி கோப்பை மூடினார். அட்டவணையைத் திருத்தாமல் இது நகராது என்றார். காற்புள்ளி சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

டிசம்பர் 31
குத்தகைக் கோப்பு நகரவில்லை. என் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. சார்தான் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 17
இப்போது நான் பாடம் எடுக்கும் டியூஷன் வகுப்பு ஜன்னலில் புகை தெரிந்தது. காடு எரியுது என்று பிள்ளைகள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். விதைப்புக்கு முன்னால் கொளுத்துகிறார்கள் என்று சொல்லி உட்காரவைத்தேன். பதினைந்து வருட நிலம். நான் பெயர் எழுதிய மரங்கள்தான் எரிகின்றன. கண் கரித்தது, இவ்வளவு தூரத்துக்குப் புகை வராது.

கீழே ஆறு வருட நிலத்தைத் தேடினேன். கம்பெனியும் வரவில்லை, வேறு யாரும் கை வைக்கவில்லை. பச்சையாகவே இருந்தது.