போட்டுப் பார்த்த பெட்டி

விருத்தாசலம்
8-2-1971

அன்புத் தம்பி தர்மராஜுக்கு,

அக்கா அம்சவல்லி எழுதுவது. கொளஞ்சியப்பர் புண்ணியத்தில் நான் சுகம். மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் போதும் என்று உனக்கு யார் சொன்னது?

நீ கார் கம்பெனியில் காற்றுப் பை செய்வதை எங்கள் பீங்கான் ஆலை பேக்கிங் செக்‌ஷனில் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். மேஸ்திரி கலியமூர்த்தி, "அம்மாம் படிச்சிட்டு அமெரிக்காவுல தலகாணி தைக்கிறாரா உன் தம்பி?" என்று கேட்டார். கோப்பை அடைக்கிற அத்தனை பேரும் சிரித்தார்கள். அது என்ன பை, எதற்கு என்று விவரமாக எழுது. அந்த ஆள் வாயை அடைக்க வேண்டும்.

உன் அக்கா
அம்சவல்லி

டெட்ராய்ட்
2-3-1971

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

மேஸ்திரி தலையணை என்றதில் பாதி சரிதான். கார் எதிலாவது மோதினால் கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் போய் ஸ்டீயரிங்கில் மார்பை இடித்துக்கொள்வார். அதற்குள் பை குறுக்கே வந்தாக வேண்டும். மோதலை உணரும் சின்னக் கருவி ஒன்று முன்னால் இருக்கிறது. அது சேதி கொடுத்ததும் ஸ்டீயரிங் நடுவில் மடித்து வைத்த பை வாயுவால் உப்பும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முதலில் செய்த பை இறுகிப்போய், சோதனைக்கு ஆளுக்குப் பதிலாக உட்கார வைத்த பொம்மையைத் திருப்பி அடித்தது. இப்போது பையில் ஓட்டைகள் வைத்திருக்கிறோம். ஆள் சாய்ந்ததும் வாயு வெளியேறி, பை அமுங்கிக் கொடுக்கிறது.

தங்கள் தம்பி
தர்மராஜ்

விருத்தாசலம்
29-3-1971

தம்பி,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். ஓட்டை விஷயம் வந்ததும் கலியமூர்த்தியே, "அட, நம்ம வைக்கோலு மாதிரி இருக்குது" என்றார். இறுக்கி அடைத்தால் கோப்பை உடையும், அமுங்க இடம் விட்டால் பிழைக்கும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நீ ஏன் இந்த வேலைக்குப் போனாய் என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர், உன் மாமா, பெண்ணாடம் ரோட்டில் லாரியைப் புளியமரத்தில் மோதி ஐந்து வருஷமாகிறது. ஸ்டீயரிங் அவர் நெஞ்சில் ஏறிவிட்டது. பின்னால் ஏற்றியிருந்தது நான் அடைத்த பெட்டிகள். திறந்து பார்த்தார்கள், ஒரு கோப்பைகூட உடையவில்லை. மேஸ்திரி மெச்சினார். அன்றிலிருந்து யாராவது என் வேலையை மெச்சினால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். அவரவர் அடைத்த பெட்டியை அவரவரே இடுப்பு உயரத்திலிருந்து போட்டு, திறந்து காட்டிய பிறகுதான் லோடு ஏறும். பொம்மையை உட்கார வைத்தேன் என்கிறாயே, நீ உட்கார்ந்தாயா?

அம்சவல்லி

விருத்தாசலம்
3-4-1971

தம்பி,

போன கடிதத்தின் கடைசி வரியைக் கிழித்துப் போடு. ஏதோ வாய்த் துடுக்கில் எழுதிவிட்டேன். நீ அதில் உட்காரக் கூடாது. ஒருத்தரைப் பறிகொடுத்தது போதும். இதைப் பார்த்ததும் பதில் போடு.

அம்சவல்லி

டெட்ராய்ட்
19-4-1971

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இரண்டாவது கடிதம் இன்று காலை வந்தது. நேற்றே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே மனிதர்களை வைத்தும் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நானாகப் பெயர் கொடுத்தேன். ஏன் என்று அதிகாரி கேட்டார். எங்கள் ஊரில் பெட்டி அடைத்தவர்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். மணிக்கு இருபது மைல் வேகம். பெரிய சத்தம் கேட்டது, முகத்தில் ஏதோ அறைந்தது, பிறகு மெத்தென்று அமுங்கியது. மூக்கில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். நெஞ்சைத் தடவிப் பார்த்தபோது மாமா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். எனக்கு அடிபட்டதாக நினைத்து டாக்டர் ஓடி வந்தார்.

தர்மராஜ்

விருத்தாசலம்
10-5-1971

என் தங்கத் தம்பிக்கு,

நீ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பேன். அக்கா சொன்னால் கிணற்றில் குதிப்பாயா? கொளஞ்சியப்பருக்கு மொட்டை வேண்டிக்கொண்டிருக்கிறேன், லீவில் வந்து நீதான் அடித்துக்கொள்ள வேண்டும்.

உன் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டுதான் இன்று வேலைக்குப் போனேன். காலையில் என் முதல் பெட்டியைப் போட்டுத் திறந்தேன். மேஸ்திரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் உடையல, அம்சவல்லி" என்றார். ஐந்து வருஷமாகத் தலையைக் குனிந்துகொள்கிறவள் இன்று நிமிர்ந்தேன்.

"என் தம்பியும் உடையலீங்க" என்றேன்.

உன் அக்கா
அம்சவல்லி