தவக்காலத்தில் வந்த சிவப்பு ஒயின்

17-2-88, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிய கையோடு சரக்கடித்த முதல் கத்தோலிக்கன், இந்தப் பாளையம்பட்டியில் நானாகத்தான் இருப்பேன். ஒயின் என்று எழுதினால் கொஞ்சம் மரியாதை. சீக்காய்க் கிடக்கும் மனைவி சவுந்தரத்துக்குக் கொடுக்குமுன் சோதித்தேன் என்று எழுதலாம்தான். பொய். ஆசை, அவ்வளவுதான்.

தக்கையைத் திருகி எடுக்க ஒரு கருவி வேண்டுமாம். திருப்புளியால் குத்தினேன். தக்கை உள்ளே விழுந்து மிதக்கிறது. பாட்டில் வாயில் துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறேன்.

கருவேலம்பட்டையை மென்ற மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. இதைத்தான் இத்தாலியில் காசு கொடுத்துக் குடிக்கிறார்களா?

18-2-88

கொழுந்தியாள் அமலோற்பவத்தின் கடிதத்தை இன்றுதான் முழுதாகப் படித்தேன். (குடித்துவிட்டுப் படிப்பவன் நான்.) அவள் வட இத்தாலியில் கன்னியர் மடத்தில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். விடுமுறைக்கு வந்த சாமியார் ஒருவரிடம் பாட்டிலைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"அத்தான், இதை வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது. இங்கே மாட்டுத் தொடைக்கறியை இதே ஒயினில் மூன்று மணி நேரம் வேகவைத்து, கூடவே இதையே குடிப்பார்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் இதன் முரடு அடங்கும். அக்காவுக்கு ஒரு வாய் கொடுங்கள். பசி எடுக்கும்."

பசி எடுக்குமாம். மதுரையில் சவுந்தரத்தின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பினார்கள். "பிடிச்சதைக் குடுங்க" என்றார் டாக்டர். அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு ஸ்பூன் கஞ்சி.

கறியோடுதான் குடிக்க வேண்டும் என்பது, கறியை விட்ட மறுநாளா என் கண்ணில் படவேண்டும்? இனி ஈஸ்டர்வரை எங்கள் வீட்டில் புலால் இல்லை.

20-2-88, சனி

அவளிடமே சொல்லிவிட்டேன். "ஆட்டுத்தொடை வாங்கியாரேன். ஒரு வாய் தின்னு. சீக்காளிக்குத் தவக்காலம் கெடையாது."

"ஈஸ்டருக்குப் பாப்போம்ங்க."

"ஈஸ்டருக்கு இன்னும் ஆறு வாரம் கெடக்குடி."

"இருந்துட்டுப் போகுது. நான் எங்க ஓடியா போகப்போறேன்?"

எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

23-2-88

பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தேன். "நோயாளிக்கு விதிவிலக்கு உண்டும்மா" என்று அவரும் சொன்னார்.

"சாமி, வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து நோம்ப விட்டதில்ல. போற நேரத்துலயா கறிக்கு அலையணும்?"

சாமியார் என்னைப் பார்த்தார். நான் சாமியாரைப் பார்த்தேன். இரண்டு ஆம்பளைகளும் காப்பி குடித்தோம்.

28-2-88, ஞாயிறு

கறி இல்லாவிட்டால் என்ன? கனமான பதார்த்தம் எதுவானாலும் போதாதா? நானே அடுப்படியில் இறங்கினேன். எண்ணெய்க் கத்தரிக்காய், பருப்பு உருண்டைக் குழம்பு, கருணைக்கிழங்கு வறுவல். ஒவ்வொன்றோடும் ஒரு மடக்கு ஒயின், ஆராய்ச்சிக்காக. நல்லெண்ணெய் மிதக்கும் உருண்டைக் குழம்போடு அது அடங்கி உட்கார்ந்தது. ரசத்தோடு குடித்தபோது என் முன்னோர்கள் தெரிந்தார்கள்.

சவுந்தரம் கத்தரிக்காயை நாக்கில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "இந்தக் கத்தரிக்கா உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கிறது. ஒயின் ஒரு ஸ்பூன் கொடுத்தேன். "மதுர மருந்தே தேவல."

9-3-88

திருச்சுழி தாலுகா ஆபீசில் என் நாற்காலி இருக்கிறது. நான் அதில் இல்லை என்று தாசில்தார் சொன்னாராம். சரிதான். உடம்பை மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன். பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுக் கஸ்தூரிதான். மளிகைக்கடை சங்கரபாண்டியன் சம்சாரம். புருஷனைப் போல வாயாடி இல்லை. எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்களோ.

19-3-88, சனி

ஒயின் புளித்துவிட்டது. இந்த ஊர் வெயிலில், துணி அடைத்த பாட்டிலில், வேறென்ன ஆகும்?

சங்கரபாண்டியன் மோந்து பார்த்தான். "ஏலே சிலுவ, இது வினிகர்லே. ஊறுகா போடு. ரோமாபுரி ஊறுகான்னு கடையில வச்சு வித்துத் தாரேன்."

சிரித்தேன். அவன் போனபிறகு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அடுப்படியிலேயே நின்றேன். ஒரே ஒரு பாட்டில். அதையும் நானே கெடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

27-3-88, குருத்து ஞாயிறு

குருத்தோலையைக் கட்டில் தலைமாட்டில் செருகினேன். நாலு ஸ்பூன் கஞ்சி இரண்டு ஆகிவிட்டது. ஏழு நாள். ஏழே நாள், தாயி.

3-4-88, ஈஸ்டர்

இருந்தாள்!

பந்தல்குடி போய் இளங்கிடா தொடை வாங்கிவந்தேன். புளித்த ஒயினை முழுக்க ஊற்றி, சின்ன வெங்காயம், பட்டை, கிராம்பு போட்டு, நாலு மணி நேரம் சிறுதீயில் வைத்தேன். கடைசியில் புளிப்பை அடக்கக் கருப்பட்டி. கடவுள் சத்தியமாக, நன்றாக வந்தது. தெருவே மூக்கை நீட்டியது.

சாய்த்து உட்காரவைத்து ஒரு துண்டு ஊட்டினேன். ரொம்ப நேரம் மென்றாள். "பஞ்சா இருக்குங்க" என்றாள். "நல்லாருக்கு. ஒங்க கைக்கு இம்புட்டு வருமா?"

தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது துண்டு முந்தானை மடிப்பில் இருந்தது. பார்க்காத மாதிரி டம்ளரை நீட்டினேன்.

மிச்சத்தைச் சங்கரபாண்டியன் தின்றான். மூன்று தட்டு.

12-4-88

நேற்று காலை, ஆறேகால்.

10-5-88, செவ்வாய்

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. அமலோற்பவத்துக்கு எழுதினேன்: அக்கா கடைசிவரை நோன்பை விடவில்லை, ஈஸ்டர் அன்று உன் ஒயினில் வெந்த கறியை ஒரு வாய் சாப்பிட்டாள் என்று. உறையை ஒட்டி முடிக்கும்போது கஸ்தூரி வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, எங்க சின்னத் தூக்குவாளி அக்கா கட்டிலுக்கு அடியில கெடக்கும். எடுத்துக்கிரட்டுமா?"

குனிந்து பார்த்தேன். இருந்தது. "இது எப்படி இங்க வந்துச்சு?"

"ஆட்டுக்கால் சூப்பு கொண்டாந்ததுதான். மாசியிலருந்து குடிச்சாகளே அண்ணாச்சி. நீங்க பஸ்ஸேறுன ஒடனே கேப்பாக, மொளகு தூக்கலா."

தூக்குவாளியை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு யோசித்துச் சேர்த்தாள்.

"வெள்ளிக்கெழம மட்டும் வேண்டாம்னுருவாக."