குளக்கரை வழிப்பறி

2025 ஆகஸ்ட் 4

இடது கையில் மாவுக்கட்டு. வலது கை தப்பிவிட்டதால் மாணவர்கள் தப்பவில்லை. நாற்பது விடைத்தாள் திருத்தினேன்.

நேற்று மாலை குளக்கரையில் மூன்று பேர் என்னை அடித்தார்கள். செயலியில் நான்கு நாள் இனிக்க இனிக்கப் பேசிய ஒருவனைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் நண்பர்களோடு வந்திருந்தான். "வாத்தியாருக்கு இந்த வயசுல ஆம்பள கேக்குதா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கரையில் நடைப்பயிற்சியில் இருந்த பெரியோர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். இதயத்துக்கு நல்லது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தது ஒரு திருநங்கை மட்டும்தான். பெயர் கனிஷ்கா, ஊர் கிணத்துக்கடவு. அவளுக்குப் புருவத்தில் நான்கு தையல்.

காவல் நிலையத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். பேராசிரியர் என்றதும் காபி வந்தது. "சொல்லுங்க சார், என்னாச்சுங்க?" என்றார் ஆய்வாளர். வழிப்பறி என்றேன். கைபேசியைப் பறித்ததும் உண்மைதானே. உண்மையில் பாதியை மட்டும் சொல்ல எனக்கு முப்பது ஆண்டுப் பயிற்சி உண்டு.

வாசலில் நின்ற கனிஷ்கா விடவில்லை. "வழிப்பறி இல்லீங்க. இந்த மாதிரி ஆளுங்களாப் பாத்துத்தானுங்க அடிக்கறானுங்க. போன மாசம் எங்க மௌனிகாவ அடிச்சதும் இவனுங்கதான். மூணு வாட்டி வந்தோம். நாளைக்கு வா, நாளைக்கு வான்னே அனுப்பிப்போட்டீங்க."

"நீ வெளிய நில்லு."

என் முதல் தகவல் அறிக்கை ஒரு மணி நேரத்தில் பதிவானது. கனிஷ்கா என்னைப் பார்த்தாள். நான் காபியைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 5

வீட்டுத் தொலைபேசியில் உடுமலையிலிருந்து அக்கா பேசினாள். "இதுக்குத்தான் கண்ணு, காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கோன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்." அக்காவின் தர்க்கத்தில் என்னால் ஒருபோதும் குறை காண முடிந்ததில்லை.

ஆகஸ்ட் 6

குளக்கரையில் எட்டுப் புது விளக்குகள். ஆறு ஆண்டு மனு கொடுத்தும் வராதவை. நடைப்பயிற்சியாளர் சங்கம் கண்டனத் தீர்மானம் போட்டிருக்கிறது: 'ஒரு பேராசிரியருக்கே இந்தக் கதி என்றால்...' யாருக்கு என்றால் பரவாயில்லை என்று தீர்மானத்தில் குறிப்பிடவில்லை.

ஆகஸ்ட் 8

நாளிதழில்: 'பேராசிரியரிடம் வழிப்பறி: திருநங்கை சிக்கினார்.'

ஆய்வாளர் பேசினார். "கூட்டாளியே அதுதானுங்க சார். இல்லீன்னா எதுக்கு ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வரணும்? ஞாயித்துக்கெழமை வந்து அடையாளம் மட்டும் காட்டிப்போடுங்க."

கனிஷ்கா என்னைக் காப்பாற்றியவள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரிங்க" என்று வந்தது.

கழிவறையில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கை முறிந்துவிட்டதாம். காவல் நிலையக் கழிவறையில் காவலர் எவரும் வழுக்கி விழுந்ததாக இதுவரை நான் படித்ததில்லை.

ஆகஸ்ட் 9

சங்கச் செயலர் ஜெரோம் ஆப்பிளோடு வந்தார். "நாளைக்கு ஆய்வாளருக்குப் பொன்னாடை போத்தறோமுங்க. வாழ்த்து மடல் நீங்க எழுதுனாத்தான் களையா இருக்கும்."

அன்று அவரும் கரையில் நடந்துகொண்டிருந்தார். அவர்கள் என்ன சொல்லி அடித்தார்கள் என்பது காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

"அதெல்லாம் நமக்கெதுக்குங்க சார்" என்று ஆப்பிளை நகர்த்தி வைத்தார்.

எழுதினேன். 'மின்னலென விரைந்து, குற்றவாளியைக் கண்டு...' நன்றாகவே வந்தது.

ச்சே. என்னடா எழுதறே? அவ செருப்பத் தூக்கிக்கிட்டு வரலீன்னா நீ குளத்துல கெடந்திருப்பே. உனக்கு இரங்கல் மடல் எழுத வேற எவனையாச்சும் தேடியிருப்பாங்க.

ஆனாலும் கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கவில்லை?

ஆகஸ்ட் 10

மடலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். நாற்காலி. காபி. யாரைப் பார்க்கப் போனேன், எதற்காக அடித்தார்கள், யார் காப்பாற்றியது என்று எல்லாவற்றையும் எழுதி ஆய்வாளரிடம் கொடுத்தேன்.

"சார், காலேஜுல தெரிஞ்சா என்னாகறதுங்க? யோசிச்சுக்குங்க."

யோசித்தாகிவிட்டது என்றேன். இன்னொரு முறை படித்தார்.

"அப்ப நீயும் அந்தக் கேஸுதானா?"

காவலர் ஒருவர் வந்து, வேறு யாருக்கோ வேண்டுமென்று நாற்காலியை எடுத்துப் போனார். மனுவுக்கு ரசீது கேட்டேன்.

"நாளைக்கு வா."

வாசலில் பொன்னாடையோடு வந்த ஜெரோம், என்னைக் கண்டு வேகத்தைக் கூட்டினார்.

சுவரோரப் பெஞ்சில் கனிஷ்கா இருந்தாள். வலது கையில் கட்டு. "காபி முடிஞ்சுதுங்களா சார்?" என்றாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள். இருவர் கட்டும் ஒன்றோடொன்று இடிக்காமல் உட்காரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடையாளம் காட்ட ஆளில்லாததால் ஐந்து மணிக்கு அவளைப் போகச் சொன்னார்கள். அவள் எழவில்லை.

"ரசீது வாங்கிட்டுப் போலாங்க சார். மௌனிகாவுதுக்கும் சேத்து."

இன்னும் உட்கார்ந்திருக்கிறோம். இதை வாழ்த்து மடலின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.